பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று நம்பினேன், இப்போது 8 வாரம்

இளந்தூறல் கேட்டது:

பையனுக்கு 9 மாதம் முடிகிறது. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இன்னும் ஒரு தடவைகூட மாதவிடாய் வரவில்லை. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், ஆறு மாதத்துக்கு அப்புறம் கூழ் மாதிரி திட உணவும் சேர்த்துக் கொடுக்கிறோம். இரண்டு வாரமாகக் காலையில் எழுந்தால் குமட்டல். ராத்திரி முழுக்க இவனோடு விழித்திருக்கிறேனே, அதனால்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள், 8 வாரம் என்றார்கள். என் தோளில் சாய்ந்திருந்த பையன் அந்தத் திரையில் மினுக்கியதைப் பிடிக்கக் கையை நீட்டுகிறான், எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்றே தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள். 'பால் கொடுக்கிற வரைக்கும் பயமில்லை' என்று அம்மா சொன்னார், மாமியார் சொன்னார், என்னோடு வேலை பார்த்த அக்காவும் சொன்னார். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் அதை யார் சந்தேகப்படுவார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டிய தேதிகள் இருந்தன. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் உடம்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டோம், அதில் குழப்பம் இல்லை. தயவுசெய்து அதைப் பற்றி யாரும் அறிவுரை சொல்லாதீர்கள். என் கேள்வி வேறு. அவர், 'நடந்தது நடந்துபோச்சு, இதை ஏன் கிளறுகிறாய்' என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. இது என் கவனக்குறைவா, இல்லை யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயமா? சொல்லியிருந்தால் உண்மையிலேயே எதாவது மாறியிருக்குமா?

---

இரவுப்பணி எழுதியது:

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இது உன் கவனக்குறைவு இல்லை. 14 வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். நீ எழுதியதை அப்படியே வேறு வேறு முகங்களிடமிருந்து கேட்டிருக்கிறேன்.

உன் அம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அது உண்மை. அதையே ஒரு கருத்தடை முறையாக நம்பலாம் என்று 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று விஷயம் ஒன்றாக இருக்கவேண்டும். குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, பகலிலும் இரவிலும் பெரிய இடைவெளி விடாமல் ஏறக்குறைய தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 100-இல் 98 பேருக்குப் பாதுகாப்பு. ஒன்று விட்டுப்போனாலும் அன்றைக்கே அந்த முறை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு முறைக்கு மாறியிருக்க வேண்டும். உன் விஷயத்தில் ஆறாம் மாதத்தில் முதல் கரண்டி கூழ் ஊட்டிய நாளே அந்தக் கணக்கு முடிந்துபோனது. உங்கள் வீட்டில் சொன்னவர்களிடம் இருந்தது பாதிச் செய்தி, மீதிப் பாதியைச் சொல்லவேண்டியது எங்களைப் போன்றவர்கள்தான்.

இன்னொன்று, 'மாதவிடாய் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வரும். அதாவது உடம்பு தயாரானது முதலில், அடையாளம் தெரிவது பிறகு. அந்த இடைவெளியில் கரு தங்கிவிட்டால் மாதவிடாய் வரவே வராது, நீ காத்துக்கொண்டே இருப்பாய். பால் கொடுக்காதவர்களுக்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே முட்டை வெளிவரலாம். வீட்டில் பெயர் சூட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது!

சொல்லியிருந்தால் மாறியிருக்குமா என்று கேட்டாய். மாறியிருக்கும். பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், அதைத் தவறவிட்டால் 4 வாரத்துக்குப் பிறகு போடலாம், வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துவிடலாம். பால் கொடுக்கும் தாய்க்கென்றே ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை இருக்கிறது. ஆணுறை இருக்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, எதுவுமே வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் முடிவெடுக்கும் இடத்துக்கே உன்னை யாரும் கூட்டிப்போகவில்லை.

எங்கள் பக்கத்துத் தவற்றையும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்தப் பேச்சை டிஸ்சார்ஜ் அன்று காலையில்தான் வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் தாய்க்குத் தையல் வலிக்கும், பால் கட்டியிருக்கும், குழந்தை அழும், வெளியே வண்டி நிற்கும், மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். நான் நான்கு முறைகளின் பெயரை மளமளவென்று ஒப்பிப்பேன், அவர்கள் தலையாட்டுவார்கள், நான் பதிவேட்டில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிவிடுவேன். அப்படித் தலையாட்டிவிட்டுப் போன ஒரு பெண்ணே பத்து மாதம் கழித்து வயிற்றோடு வந்து, 'அக்கா, நீங்கள் அன்றைக்கு என்னமோ சொன்னீர்களே, அது என்ன?' என்று கேட்டாள். அதற்கப்புறம் இந்தப் பேச்சை ஏழாம் மாதச் செக்கப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறேன், கணவர் வந்திருந்தால் அவரையும் உட்காரவைத்து.

இப்போதைக்கு உனக்கு: முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அதையும் தேதியையும் டாக்டரிடம் தெளிவாகச் சொல், தழும்பு ஆறுவதற்குள் வரும் அடுத்த பிரசவத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விடச் சொல்வது சும்மா இல்லை, உன் உடம்பில் இரும்புச்சத்து, ஃபோலேட் எல்லாம் இன்னும் பழைய நிலைக்கு வந்திருக்காது. இரத்தம் சோதித்துப் பார், மாத்திரையை விடாதே. பெரியவனுக்குப் பாலை உடனே நிறுத்தவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள். இப்படி வந்த கர்ப்பங்களில் நல்லபடியாக முடிந்தவைதான் அதிகம், பயப்படாதே.

---

கரையோரம் எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் 'ஏன் கிளறுகிறாய்' என்று சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நானும் அப்படிச் சொன்னவன்தான். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு என் மனைவிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, தலைவலி, வாந்தி. ஒரு வருடம் அவளே ஒவ்வொரு முறையாக மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் ஒரு நாள்கூட டாக்டரிடம் கூடப் போகவில்லை. அது பெண்கள் விஷயம் என்று எனக்கு யாரோ சொல்லித்தந்ததுகூட இல்லை, தானாகவே அப்படி இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் டாக்டர் என்னை வரச்சொல்லி, ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையை ஒரு தாளில் வரைந்து காட்டினார். விதைப்பையில் ஒரு சின்னத் துளை, இரண்டு பக்கமும் விந்துக் குழாயைத் துண்டித்துக் கட்டுவது, அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணிக்குள் முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்குச் செய்வதென்றால் வயிற்றுக்குள் போகவேண்டும். 'ஆண்மை போய்விடும், பலம் குறையும்' என்று என் நண்பர்கள் பயமுறுத்தினார்கள். ஹார்மோன் சுரப்பதும் உறவும் எதுவும் மாறாது, விந்தில் உயிரணு மட்டும் இருக்காது. ஆறு வருடம் ஆகிறது, சொல்வதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இதைத் திரும்ப மாற்றுவது நிச்சயமில்லை, இனி குழந்தை வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டியது.

முக்கியமான ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். செய்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. ஏறக்குறைய 3 மாதம் ஆகும், அதற்கப்புறம் விந்தைச் சோதித்து உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் வரும்வரை வேறு முறையைக் கைக்கொள்ள வேண்டும். என்னோடு அதே வாரம் செய்துகொண்ட ஒருவருக்கு அந்தச் சோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டாம் மாதமே மனைவி கருவுற்றார். அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் மேல் என்ன சந்தேகம் எழுந்தது என்பதை இங்கே எழுதக்கூட மனம் வரவில்லை. சிகிச்சையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டதில் ஒரு குடும்பம் உடையப் பார்த்தது.

---

வேப்பநிழல் எழுதியது:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. எனக்கு வயது 61. எங்கள் காலத்தில் இவ்வளவு பேசவில்லை, குடும்பங்கள் நன்றாகத்தான் இருந்தன. கல்யாணமானவர்களுக்கு டாக்டர் சொல்வது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதையெல்லாம் எல்லோரும் படிக்கும்படி வைத்தால் சின்னப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? வழியைக் காட்டிவிட்டு, போகாதே என்று சொன்ன மாதிரி ஆகாதா? எனக்கு வீட்டில் 14 வயதில் பேத்தி இருக்கிறாள், அந்தக் கவலையில்தான் கேட்கிறேன்.

---

மணல்வீடு எழுதியது:

ஐயா, நீங்கள் கவலையோடு கேட்பது புரிகிறது, அதனால் நானும் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். 'எங்கள் காலத்தில் நன்றாக இருந்தார்கள்' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் பாட்டிக்கு 11 பிரசவம். பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வருவார், நான்காவது விரலிலும் ஏழாவது விரலிலும் பெயர் வராது, விரலை மட்டும் மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவருடைய தங்கை மூன்றாவது பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனார். நன்றாக இருந்தவர்கள் மிஞ்சினார்கள், அவர்கள்தான் நம்மிடம் கதை சொன்னார்கள்.

அது பழைய கதையும் இல்லை. 2023-இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகம் முழுக்க ஏறக்குறைய 2,60,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு 700-க்கும் மேல். இதில் பெரும்பாலானவை தடுக்கக்கூடிய மரணங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். இரத்தப்போக்கை நிறுத்த ஊசி இருக்கிறது, வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது, கிருமித் தொற்றுக்கு மருந்து இருக்கிறது. அவை அந்தப் பெண்ணிடம் நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை, அல்லது எந்த அறிகுறியைக் கண்டால் ஓடவேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. 2000-இலிருந்து பார்த்தால் இந்த மரண விகிதம் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கிறது, அதாவது செய்தால் நடக்கிற காரியம்தான்.

பிள்ளைகள் கெட்டுவிடுவார்களா என்ற கேள்விக்கு யுனெஸ்கோ பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018-இல் வழிகாட்டி வெளியிட்டது. முறையாகச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளை அந்த வழியில் சீக்கிரம் தள்ளுவதில்லை என்பதுதான் அதில் இருப்பது. சிலருக்கு அது தள்ளிப்போகவே செய்கிறது. ஆய்வை விடுங்கள். நான் கல்லூரியில் படித்தபோது என் அறைத்தோழிக்கு ஒரு தவறு நடந்தது. அவசரக் கருத்தடை மாத்திரை என்று ஒன்று உண்டு என்று மட்டும் அவளுக்குத் தெரியும், அதற்கு நேரக்கணக்கு உண்டு என்பது தெரியாது. மருந்துக்கடை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய், உள்ளே தெரிந்தவர் நின்றதால் திரும்பி வந்துவிட்டாள். ஆறாவது நாள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த அவசர மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், ஏனென்றால் அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை, தங்கிய கருவைக் கலைக்கிற மாத்திரை இல்லை. காப்பர் டி-யும் அந்த வேலையைச் செய்யும், அதற்கும் 5 நாள்தான். அவள் வந்த நாளில் இரண்டுமே இல்லை. அவளுக்கு இருந்தது வெட்கமும் பயமும், அவற்றை நாம்தான் அவளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

உங்கள் பேத்திக்கு வருகிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் அநேகமாக முழுக்கவும் எச்பிவி என்ற வைரஸால் வருவது, அதற்கான தடுப்பூசியைப் போடச் சிறந்த வயது 9 முதல் 14 வரை. காரணம், வைரஸ் உடம்பை எட்டுவதற்கு முன் போட்டால்தான் முழுப்பலன். 14 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே விசாரியுங்கள் ஐயா.

---

வேப்பநிழல் எழுதியது:

தடுப்பூசி பற்றி எனக்குத் தெரியாது. மகளிடம் இன்றைக்கே கேட்கிறேன். பாட்டியின் விரல் கதை மனதைப் பிசைந்துவிட்டது. என் அம்மாவும் இரண்டு பேரைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் பேத்தியிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? எனக்கு வார்த்தையே வராது.

---

இரவுப்பணி எழுதியது:

ஐயா, நீங்களே உட்கார்ந்து பாடம் நடத்தவேண்டியதில்லை. அவள் அம்மா சொல்லட்டும், ஒரு செவிலியர் சொல்லட்டும். நீங்கள் செய்யவேண்டியது, அவர்கள் பேசும்போது எழுந்து போய்விடாமல் இருப்பது. மாதவிடாய் என்ற சொல் வந்ததும் தாத்தா செய்தித்தாளை மடக்கிக்கொண்டு வெளியே போனால், இது வீட்டில் பேசக்கூடாத விஷயம் என்று அந்தப் பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்கிறாள். மாதாமாதம் பள்ளிக்குப் போகமுடியாத அளவுக்கு வலி என்றால் அவள் உங்களிடம்கூடச் சொல்லலாம் என்று இருக்கவேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது அது, கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 10-இல் ஒருவருக்கு வருகிறது. 'வலி எல்லோருக்கும் இருப்பதுதான்' என்று வீட்டில் வாயை அடைத்தே வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

இளந்தூறல், இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. இது யாரோ இரக்கப்பட்டுச் செய்யும் உதவி இல்லை. எத்தனை குழந்தை, எவ்வளவு இடைவெளி என்று முடிவெடுக்கும் உரிமையையும், அதற்கான தகவலும் வழிமுறையும் கிடைக்கும் உரிமையையும் 1979-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பெண்களுக்கான உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு எழுதியே வைத்திருக்கிறது. அதில் தகவல் என்ற சொல் தனியாக இருக்கிறது, நான் பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் அந்த ஒரு வரியை எப்போதும் படித்துக்காட்டுவேன். அதனால் அடுத்த செக்கப்பில் கேள்விகளை எழுதிக்கொண்டு போ. கேட்பதற்குக் கூச்சப்படாதே, பதில் புரியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.

---

இளந்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதை எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது, பெரியவனுக்குச் சளி, அதனால் உடனே வரமுடியவில்லை.

இரவுப்பணி அக்கா, உங்கள் பதிலை அவருக்குப் படித்துக்காட்டினேன். கரையோரம் அண்ணன் எழுதியதை அவராகவே வாங்கி இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் நேற்றுச் செக்கப்புக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார், நான் கேள்வித் தாளை எடுப்பதற்கு முன்னாடியே, 'இந்தப் பிரசவத்துக்கு அப்புறம் நாங்கள் என்ன செய்யலாம், எனக்குச் செய்கிற மாதிரி எதாவது இருக்கிறதா' என்று டாக்டரிடம் கேட்டுவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.1, இரும்பு மாத்திரை கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது சிசேரியன்தான், ஒவ்வொரு தடவையும் தழும்பைக் கவனிப்போம் என்றார்கள். தாய்ப்பாலைத் தொடரலாமாம். காப்பர் டி பற்றியும் கேட்டேன், சிசேரியன் ஆனால் அந்த நேரத்திலேயே வைத்துவிடலாம் என்றார் டாக்டர், யோசித்துச் சொல்ல எட்டாம் மாதம் வரை நேரம் இருக்கிறது.

அப்புறம், போன மாதம் பிரசவமான என் தோழிக்கு நேற்று ராத்திரியே போன் செய்து அந்த மூன்று விஷயத்தையும் சொன்னேன். 'பால் கொடுத்தால் போதும் என்றுதானே எங்கள் அம்மாவும் சொன்னார்' என்றாள். ஆறாவது மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எண்ணி, தடுப்பூசித் தாளின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள்.